கோயில் நோட்டில் ஒட்டிய முகங்கள்

அந்த நோட்டை ஆரம்பித்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து எனக்குச் சொல்லிக்காட்ட வேண்டியதில்லை.

எங்கள் தெரு திருவேற்காட்டுக்கும் அம்பத்தூருக்கும் நடுவில் இருக்கிறது. தெருமுனையில் சின்னதாக ஓர் அம்மன் கோயில். வெள்ளிக்கிழமை விளக்கு பூஜை செய்கிற பெண்கள் பதினைந்து பேர், அதில் நானும் ஒருத்தி. படிப்பு எட்டாவதோடு சரி. கையெழுத்து மட்டும் அச்சடித்தது போல இருக்கும். அதனால் கோயிலில் எழுத்து வேலை எது வந்தாலும் என் தலையில்தான் கட்டுவார்கள்.

ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது ஏரிக்கரையில் தார்ப்பாய் போட்டுக் குடியிருக்கும் குடும்பங்களுக்குப் புடவை, வேட்டி, அரிசி கொடுப்பது எங்கள் வழக்கம். அந்தப் பெண்கள் தெருத்தெருவாகப் போய்த் தலைமுடி வாங்குகிறவர்கள். தலை வாரும்போது உதிர்கிற முடியைச் சுருட்டி வைத்திருந்து கொடுத்தால் பதிலுக்கு ஒரு கிண்ணமோ ஊக்குப் பட்டையோ தருவார்கள். ஆண்கள் மீன்பாடி என்கிற மூன்று சக்கரத் தட்டு வண்டியில் பழைய இரும்பு எடுப்பார்கள். எந்தத் தெருவில் எது காணாமல் போனாலும் முதலில் அவர்கள் தார்ப்பாயைத்தான் தூக்கிப் பார்ப்பார்கள் என்பது எனக்கும் தெரியும். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்குவது போல, அது ஊர் வழக்கம் என்று நினைத்திருந்தேன்.

ஒரு வருஷம் புடவை கொடுக்கும்போது பெரிய தள்ளுமுள்ளு. ஒருத்தி இரண்டு முறை வாங்கிவிட்டாள், இன்னொருத்திக்கு ஒன்றும் இல்லை என்று சண்டை. கோயில் தலைவர், ஆவடியில் மத்திய சர்க்கார் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எதையும் வரிசையாகச் செய்தால்தான் தூக்கம் வரும் அவருக்கு. "இதுக்கு ஒரு சிஸ்டம் வேணும்மா" என்றார். சிஸ்டம் நான் போட்டேன். லாங் சைஸ் நோட்டு ஒன்று வாங்கி, பிள்ளையார் சுழி போட்டு, அட்டையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தேன். ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம். குடும்பத் தலைவர் போட்டோ, பெயர், போன் நம்பர், எங்கே கூடாரம், கட்டைவிரல் ரேகை. போட்டோக் கடைக்காரர் புண்ணியத்துக்கு இலவசமாகவே எடுத்துக் கொடுத்தார். முப்பத்தேழு முகங்களை நானே பசை தடவி ஒட்டினேன். கோணாமல் ஒட்டினேன்.

அடுத்த ஆடியில் ஒரு சத்தம் இல்லாமல் எல்லோருக்கும் புடவை போய்ச் சேர்ந்தது. தலைவர் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். அம்மனே பாராட்டியதாக நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஐப்பசியில், பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டார் திருப்பதிக்குப் போயிருந்தபோது பூட்டை உடைத்து நகையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டாம் நாள் காலையில் ஓர் ஏட்டும் ஒரு கான்ஸ்டபிளும் என் வீட்டு வாசலில் நின்றார்கள்.

"கோயில்ல ஏதோ நோட்டு கீதாமே, அந்த ஏரிக்கரை பார்ட்டிங்களுது. சும்மா பாத்துட்டுத் தர்றோம்மா."

உட்காரவைத்து மோர் கொடுத்தேன். பூஜை அலமாரியிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தேன். சாமி காரியத்தில் என்ன ஒளிவு மறைவு என்று நினைத்தேன். ஏட்டு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார்.

"எங்க ஸ்டேஷன்லகூட இவ்ளோ நீட்டா கெடையாதும்மா" என்றார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. இதையும் மறைக்காமல் எழுதுகிறேன். பெருமையாகத்தான் இருந்தது.

அப்புறம் இரண்டு வாரம் தெருவில் முடி வாங்குகிறவர்களின் குரலே இல்லை. எனக்கு வழக்கமாக வருகிறவள் ஒருத்தி உண்டு. வாசலில் நின்று வெற்றிலை கேட்பாள், என் மருமகளின் முடி அடர்த்தியைப் பார்த்து, "யக்கா, இந்தப் பொண்ணு சீப்புல முடியே சிக்க மாட்டேங்குது, என் பொழப்புல மண்ணு போடுது" என்று சிரிப்பாள். அவள் ஒருநாள் பதினோரு மணிக்கு வந்தாள். தோளில் பை இல்லை. கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள்.

"உள்ள வாம்மா. இன்னா, பையக் காணோம்?"

"பை போட்டுகினு வந்தா புடிப்பாங்கோன்னு வெச்சிட்டு வந்தேன்கா."

நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போனார்களாம். மூன்று பேரை மறுநாள் விட்டுவிட்டார்கள். அவள் புருஷனை மட்டும் விடவில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் செம்புக் கம்பி வைத்திருந்தான் என்று ஒரு கேஸ். அது இன்னும் முடியவேயில்லை. பழைய கேஸ் இருப்பவன் என்றால் புதுக் கேஸும் அவனுடையதுதான் என்று ரிமாண்ட் செய்துவிட்டார்கள்.

"அவர்தான்னு எப்பிடிச் சொல்றாங்கோ?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்க்காமல் கேட்டைப் பார்த்துப் பேசினாள். "நோட்ட வெச்சிகினு ஒவ்வொரு மூஞ்சியா காட்டி, இவன் எங்க, இவன் எங்கன்னு கேட்டாங்கோ. மஞ்சா வெச்ச நோட்டு. எனக்குப் பாத்தவொடனே தெரிஞ்சிபோச்சி. நீ எங்க நல்லதுக்குத்தான் ஒட்டினே, அது எனக்குத் தெரியும்கா."

அந்தக் கடைசி வார்த்தையை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்றைக்கு மத்தியானம் அவளைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். எஸ்.ஐ. மரியாதையாகத்தான் பேசினார். மேஜை மேல் என் நோட்டு இருந்தது. குங்குமம் வைத்த மூலையில் டீ கிளாஸ் வட்டம் பதிந்திருந்தது.

"அம்மா, நீங்க புண்ணியம் பண்றவங்க. இதுல ஏன் தலையிடுறீங்க?"

"அது கோயில் நோட்டு சார். திருப்பிக் குடுங்க."

"கேஸ் சம்பந்தமா வாங்கினது. இப்ப தர முடியாது. நீங்கதானே குடுத்தீங்க?"

நான்தான் கொடுத்தேன். நான் எழுதிய எழுத்து அங்கே கிடந்தது, நான் வெறுங்கையோடு வெளியே வந்தேன்.

அவளுக்கு யாரோ சொல்லி ஒரு வக்கீல் கிடைத்திருந்தார். இருபத்தெட்டு முப்பது வயசு இருக்கும், ஸ்கூட்டியில் வருகிற பெண். இந்த மாதிரி ஜனங்களுக்கு இலவசமாகக் கேஸ் நடத்தும் ஓர் அறக்கட்டளையில் வேலை செய்கிறார். சில வாரம் கழித்து என் வீட்டு வராண்டாவில் உட்கார்ந்துதான் விஷயத்தைச் சொன்னார். ஜாமீன் உத்தரவு வந்து ஒன்பது நாள் ஆகிறது. ஆனால் அவன் இன்னும் உள்ளேதான் இருக்கிறான். சொந்த வீடு இருக்கிற இரண்டு பேர் கோர்ட்டில் வந்து, இந்த ஆள் ஓட மாட்டான், நான் பொறுப்பு என்று கையெழுத்துப் போட வேண்டும். பாடியில் பழைய இரும்புக் கடை வைத்திருப்பவர் ஒருவர் ஒத்துக்கொண்டுவிட்டார். இன்னும் ஒருவர் கிடைக்கவில்லை.

"ஏரிக்கரையில யாருக்கு ஆன்ட்டி வீட்டு வரி ரசீது இருக்கும்? தார்ப்பாய்க்கு ரசீது கெடையாது. குத்தம் நிரூபிச்சு உள்ள இருக்கறவங்களவிட, ரசீது இல்லாம உள்ள இருக்கறவங்கதான் என் ஃபைல்ல அதிகம்."

"உங்களுக்குச் சம்பளம் யாரும்மா குடுக்கறாங்கோ?" என்று கேட்டேன். எனக்கு நிஜமாகவே புரியவில்லை.

"உங்கள மாதிரி தர்மம் பண்றவங்கதான். என்ன, சோத்துக்குன்னா கல்வெட்டுல பேர் போடச் சொல்லிக் குடுப்பாங்க. எங்களுக்குக் குடுக்கறவங்க, பேரு வெளிய வரக்கூடாதுன்னு சொல்லிக் குடுப்பாங்க. திருடனுக்கு வக்கீல் வெச்சான்னு யாராவது சொல்லிடுவாங்களாம்."

எங்கள் கோயில் சுவரிலும் கல்வெட்டு இருக்கிறது. அதில் மூன்றாவது வரியில் என் வீட்டுக்காரர் பெயர் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் மண்டபத்தில் பேச்செடுத்தேன். கோயில் சார்பில் ஒரு கடிதம் கொடுக்க வேண்டும், நோட்டைத் திருப்பிக் கேட்க வேண்டும், ஜாமீனுக்கு ஒரு ஆள் போக வேண்டும். தலைவர் விபூதியை நெற்றியில் இட்டுக்கொண்டே சொன்னார்.

"அன்னதானம் வேற, அரெஸ்ட் வேறம்மா. கோயிலுக்கும் கோர்ட்டுக்கும் முடிச்சுப் போடாத."

"நோட்டக் குடுக்கும்போது ரெண்டும் ஒண்ணாத்தானே இருந்துதுங்க அண்ணா?"

"அது நீ குடுத்தது."

"சிஸ்டம் நீங்க கேட்டது."

யாரோ பின்னால் சிரித்துவிட்டார்கள். தலைவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அவன் திருடலைன்னு உனக்குத் தெரியுமா? சாமி மேல கை வெச்சுச் சொல்லு பார்ப்போம்."

சாமி மேல் கை வைத்துப் பொய் சொல்லத் தெரியாது எனக்கு. "தெரியாது" என்றேன். "திருடினான்னு உங்களுக்குத் தெரியுமா? நீங்களும் கை வெய்ங்க."

அவர் கை வைக்கவில்லை. நானே தொடர்ந்து பேசினேன். போன வருஷம் இதே தெருவில், இதே பூஜைக் குழுவில் இருக்கிற ஒருத்தியின் மகன் பைக் திருட்டுக் கேஸில் மாட்டினான். பெயர் வேண்டாம். அவள் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு யாராவது நம் தெருப் பையன்கள் எல்லோரையும் வரிசையாக நிறுத்திப் போட்டோ எடுத்தார்களா? ஒருத்தன் செய்தான் என்றால் நமக்கு அது ஒருத்தன் செய்தது. அவர்களில் ஒருத்தன் செய்திருப்பான் என்று நினைத்தாலே முப்பத்தேழு பேரும் செய்தது. அந்த முப்பத்தேழையும் ஒரே நோட்டில் சேர்த்துக் கொடுத்தவள் நான். சாமிக்கு முன்னால் உட்கார்ந்து பசை தடவினேன்.

"இனிமே நோட்டு கெடையாது" என்றேன். "ஒருத்தி ரெண்டு தடவ பொடவ வாங்கினா வாங்கட்டும். எங்க ஊட்டுப் பீரோவுல எனக்கு எத்தினி கீதுன்னு எவனும் ரேகை வாங்கல."

தலைவர் எழுந்து போய்விட்டார். நான் விளக்கைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். பின்னாலேயே ஒருத்தி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். பைக் கேஸ் பையனின் அம்மா. கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுப் போய்விட்டாள்.

வீட்டில் இருந்தது வேறு சண்டை. என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் பாடியில் லேத் ஓட்டி இந்த மனையை வாங்கினார். என் ராசிதான் நல்ல ராசி என்று என் பெயரில் பதிந்தார். அதனால் வரி ரசீது என் பெயரில் இருக்கிறது.

"ஊட்ட எழுதிக் குடுக்கப் போறியாடி?" என்றார்.

"எழுதிக் குடுக்கல. ரசீதக் காட்டி, பொறுப்புன்னு கையெழுத்துப் போடணும்."

"அவன் ஓடிப்போனா?"

"எங்க ஓடுவாரு? பொண்டாட்டி புள்ள தார்ப்பாய்ல கீது. அவரு மீன்பாடி வண்டியும் நம்ம வாசல் மரத்துல கட்டிக் கெடக்குது."

அவருக்கும் பயம், அது எனக்குத் தெரியாமல் இல்லை. அவர் அப்பாவும் என் அப்பாவும் இந்தப் பக்கம் கழனியாக இருந்தபோது கூலிக்கு நாற்று நட்டவர்கள். வரப்பில் நெல் குறைந்தால் முதலில் எங்கள் மடியைத்தான் அவிழ்த்துக் காட்டச் சொல்வார்களாம். அவரே சொல்லியிருக்கிறார். சொந்த வீடு என்று ஒன்று வந்த பிறகுதான் அந்தப் பயம் கொஞ்சம் குறைந்தது. அந்த வீட்டையே கொண்டுபோய்க் கோர்ட்டில் காட்டுகிறேன் என்றால் அவர் எப்படிச் சம்மதிப்பார்?

கடைசியில் அவர், "சரி, பூ போட்டுப் பாத்துடலாம். அம்மன் உத்தரவு குடுத்தா போ" என்றார். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு, எது கையில் வருகிறதோ அதுதான் அம்மன் சொன்னது என்று எடுத்துக்கொள்வோம். மகள் கல்யாணத்துக்குப் போட்டோம். போர் போட இடம் பார்க்கப் போட்டோம். நான் பூ போடாமல் எந்த நல்லது கெட்டதும் செய்ததில்லை.

அன்றைக்கு மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

"நோட்ட எடுத்துக் குடுத்தப்போ அம்மன்கிட்ட கேட்டுகினா குடுத்தேன்? கெடுக்கும்போது கேக்காம, சரிபண்ணும்போது மட்டும் கேக்கறதா? இதக் கேட்டாலே அவளுக்குக் கோவம் வரும்."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார். கையில் வரி ரசீது, ஆதார், ரேஷன் கார்டு எல்லாவற்றுக்கும் மூன்று மூன்று செராக்ஸ்.

"ரெண்டு காப்பி போதாதுன்னு கடக்காரன் சொன்னான்" என்றார்.

திங்கட்கிழமை பூந்தமல்லி கோர்ட்டுக்குப் போனோம். பஸ்ஸில் போகும்போது திருவேற்காட்டு அம்மன் கோபுரம் இருக்கிற திசை பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அதுவரை நான் கோர்ட்டுப் படி மிதித்ததே இல்லை. காலையிலிருந்து மரத்தடியில் நின்று, மூன்று மணிக்கு மேல்தான் கூப்பிட்டார்கள். கூண்டுக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள். மாஜிஸ்திரேட் ஐயா காகிதத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இவர் உங்களுக்கு உறவா?"

"இல்லீங்கய்யா."

"பின்ன எப்படிப் பழக்கம்?"

வக்கீல் அம்மா என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லித் தந்திருந்தார். பல வருஷப் பழக்கம், ஒரே ஊர். என் வாயில் வேறு வந்துவிட்டது.

"எங்க கோயில் நோட்டுல இவரு போட்டோவ நான்தான் ஒட்டினேங்கய்யா. அதப் பாத்துத்தான் புடிச்சாங்கோ."

வக்கீல் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். ஐயா பேனாவை உருட்டிக்கொண்டே கேட்டார்.

"இவர் வாய்தாவுக்கு வரலைன்னா உங்க மேலதான் நடவடிக்கை வரும். தெரியுமா?"

"தெரியுங்கய்யா. வருவாரு."

"எப்படிச் சொல்றீங்க?"

"நான் கூட்டிகினு வருவேங்கய்யா."

சிரித்தார்கள். சிரிக்கட்டும். கையெழுத்தை அச்சடித்த மாதிரி போட்டேன்.

மறுநாள் சாயங்காலம் அவள் புருஷன் வெளியே வந்தார். ஆள் பாதியாகியிருந்தார், ஒரு காலை ஊன்ற முடியவில்லை. என்னைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்கு அந்தக் கும்பிடு வேண்டாமாக இருந்தது. "கும்புடாதய்யா" என்றேன். "நான் பண்ணது உனக்கே தெரியும்."

அவர், "நைனா போட்டோகூட எங்ககிட்ட கெடையாதும்மா. என் மூஞ்சி நல்லா உழுந்துருந்துச்சி அதுல" என்றார். கிண்டலா நிஜமா என்று தெரியவில்லை. அவர் மனைவி, "ஜெயிலுக்குப் போயும் வாய் கொறயல" என்று திட்டியபடி அவர் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள்.

விஷயம் அதோடு முடியவில்லை. ஜாமீனில் ஒரு நிபந்தனை இருந்தது. தினமும் காலை பத்தரை மணிக்கு ஸ்டேஷனில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். இதைக் கேட்டதும் அவள் முகம் இருண்டுவிட்டது. அவர்கள் ஜனத்தில் கையெழுத்துப் போடப் போன ஆள் திரும்பி வராததும் உண்டாம். வேறு ஊர்க் கேஸ் ஒன்றில் சேர்த்துவிடுவார்களாம். பழையபடி ஜாமீன், பழையபடி ரசீது.

"தனியாப் போனாத்தானே?" என்றேன்.

மறுநாள் நான் கூடப் போனேன். அதற்கு மறுநாள் பைக் கேஸ் பையனின் அம்மா வந்தாள். அந்த வாரத்திலேயே பூஜைக் குழுவில் ஆறேழு பேர் முறை போட்டுக்கொண்டோம். ஸ்டேஷனுக்கு எதிரில் ஒரு வேப்ப மரம். அவர் உள்ளே போனதும் நாங்கள் மரத்தடியில் உட்கார்ந்து வெள்ளிக்கிழமைக்கு வேண்டிய பூவைக் கட்டுவோம். அவர் வெளியே வந்ததும் எழுந்துகொள்வோம். முதல் நாள் ஏட்டு வெளியே வந்து பார்த்தார்.

"ஏம்மா, உங்களுக்கு ஊட்ல வேல இல்லியா?"

"இது கோயில் வேல சார்."

"இது ஸ்டேஷன்மா."

"மோர் குடிக்க எங்க ஊட்டுக்கு வந்தப்போ நாங்க இப்பிடிக் கேட்டோமா?"

அதற்குப் பிறகு எங்களைப் பார்த்தால், "கோயில் கமிட்டி வந்துடுச்சி, கையெழுத்து நோட்ட எடுங்கப்பா" என்று உள்ளே குரல் கொடுப்பார். கிண்டல்தான். ஆனால் பத்தரைக்குச் சரியாக நோட்டு மேஜைக்கு வந்துவிடும்.

பதினாறாம் நாள் ஒரு ஜீப் வந்து நின்றது. வேறு ஏதோ ஸ்டேஷன் ஜீப். மஃப்டியில் இரண்டு பேர் உள்ளே போனார்கள். கொஞ்ச நேரத்தில் அவரை நடுவில் விட்டு வெளியே கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவர் மரத்தடியைப் பார்த்தார்.

அன்றைக்கு நாங்கள் மூன்று பேர் இருந்தோம். மடியிலிருந்த பூவை அப்படியே தரையில் வைத்துவிட்டு எழுந்து ஜீப்புக்கு முன்னால் போனோம்.

"எங்க சார் கூட்டிகினு போறீங்கோ?"

"விசாரணைமா. ரெண்டு அவர்ல விட்ருவோம். நீங்க நகருங்க."

"எந்தக் கேஸு? எழுத்துல கீதா?"

"நீங்க யாரும்மா கேக்கறதுக்கு?"

"இவருக்கு ஜாமீன் போட்டவ. இவரு எங்க கீறார்னு கோர்ட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவ நான். எங்க போறாரோ அங்க நானும் வரணும். வண்டியில எடம் கீதா, ஆட்டோ புடிக்கட்டா?"

பக்கத்தில் இருந்தவள் அதற்குள் வக்கீல் அம்மாவுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்துவிட்டாள். மூன்றாமவள், எங்களில் எல்லோரையும்விடப் பயந்தவள், ஜீப் கதவைத் திறந்து உள்ளே ஏறி உட்கார்ந்தேவிட்டாள். "நான் ஜன்னலோரம் ஒக்காந்துக்கறேன், எனக்கு வாந்தி வரும்" என்றாள்.

ஏட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மஃப்டி ஆள் அவரைப் பார்த்தார். ஏட்டு தோளைக் குலுக்கினார்.

"நான் சொல்லல? இவங்க டெய்லி வர்றவங்க சார்" என்றார்.

போனில் வக்கீல் அம்மா கேஸ் நம்பரைக் கேட்டுக்கொண்டே இருந்தார். யாரும் சொல்லவில்லை. சம்மன் அனுப்புகிறோம், அப்போது வரட்டும் என்றார்கள். எங்களவள் இறங்கியதும் அவரை அங்கேயே விட்டுவிட்டு ஜீப் கிளம்பிப் போனது. இதை எழுதும்வரை சம்மன் எதுவும் வரவில்லை.

கேஸ் இன்னும் நடக்கிறது. அவர் திருடினாரா இல்லையா என்று கோர்ட் சொல்லட்டும். நான் அதற்குக் காத்திருக்கவில்லை. தலைவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. ஆனால் போன வாரம் அவர் வீட்டம்மா வந்து, புதன்கிழமை முறையில் தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்.

"அவருக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரிஞ்சா இன்னா பண்ணிடுவாரு?" என்றார்.